சோதனைக்கும் குறுக்கு விசாரணை!

மாணவர்களே! ஒரு வீட்டில் ஒருவர் திடீரென இறந்துவிட்டார். தாயார் மருமகளைச் சந்தேகிக்கிறார். மருமகளோ தாம் குற்றமற்றவர் என்கிறார். இந்நிலையில் விஞ்ஞானத்தைச் சாட்சிக்கு அழைத்தால் உண்மை உடனே வெளிப்பட்டுவிடுமா? பிரான்சு நாட்டில் 1840-ஆம் ஆண்டு நடந்த லஃபார்ஜ் வழக்கைப் பார்ப்போம்.

இரும்பு ஆலை நடத்திவந்த சார்லஸ் லஃபார்ஜ் அவ்வாண்டு சனவரியில் நோயுற்று இறந்தார். அவருடைய மனைவி மேரிக்கு வயது 24. எலிகளைக் கொல்ல என்று அவர் ஆர்சனிக் வாங்கியிருந்தார். கணவர் அருந்தும் பானத்தில் அவர் வெண்ணிறத் தூளைக் கலந்ததைப் பார்த்ததாக அவ்வீட்டிலிருந்த ஒரு பெண் கூறினார். அது பிசின் தூள்தான் என்றார் மேரி. ஆர்சனிக் ஆக்சைடும் வெண்ணிறத் தூளே! கண்ணால் கண்டதும் இங்கே போதவில்லை.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் மார்ஷ் 1836-இல் ஒரு சோதனையை வெளியிட்டிருந்தார். சோதிக்கவேண்டிய பொருளுடன் துத்தநாகத்தையும் நீர்த்த கந்தக அமிலத்தையும் சேர்த்தால் ஹைட்ரஜன் உண்டாகும். பொருளில் ஆர்சனிக் இருந்தால், அது ஹைட்ரஜனுடன் கூடி ஆர்சைன் வாயுவாகும். அவ்வாயுவை எரித்து, சுடரில் குளிர்ந்த பீங்கானைக் காட்டினால் பளபளப்பான கரும்படிவு தோன்றும். (ஆர்சைன் கொடிய நஞ்சு. இதை நீங்கள் செய்து பார்க்கக் கூடாது.)

வழக்கு டூல் நகரில் நடந்தது. உள்ளூர் வல்லுநர்கள் பழைய முறையில் சோதித்து, "ஆர்சனிக் உண்டு" என்றனர். மார்ஷ் முறையில் சோதித்தபோது, "உடலில் இல்லை" என்றனர். விஞ்ஞானமே முரணாகச் சாட்சி சொன்னது! காரணம் என்ன? மார்ஷ் சோதனைக்குக் கைப்பழக்கம் வேண்டும். வெப்பம் மிகுந்தால் படிந்த ஆர்சனிக்கும் ஆவியாகிப் போய்விடும்.

பின்னர் பாரிசிலிருந்து நஞ்சியல் அறிஞர் ஆர்ஃபிலா வந்தார். அவர் உடலில் ஆர்சனிக் இருப்பதைக் கண்டார். அதோடு நிறுத்தவில்லை. துத்தநாகத்திலும் அமிலத்திலுமே ஆர்சனிக் கலந்திருக்கலாம் அல்லவா? கல்லறை மண்ணிலிருந்து அது வந்திருக்கலாம் அல்லவா? இவ்வையங்களையும் ஆராய்ந்து, அவை காரணமல்ல என்று அறிவித்தார். மேரிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 1852-இல் நோயாளியாக விடுதலை பெற்ற அவர் அவ்வாண்டே இறந்தார்.

ஒன்றைக் கவனியுங்கள். நஞ்சு இருந்ததா என்பதற்கே சோதனை விடை கூறும். அதைக் கலந்த கை யாருடையது என்று அது கூறாது. அதனால்தான் இவ்வழக்கைப் பற்றிய விவாதம் அவர் மறைவுக்குப் பின்னும் ஓயவில்லை.

ஆராயவேண்டிய பொருளைச் சேர்க்காமல், வினைப்பொருள்களை மட்டும் வைத்துச் செய்வதை வெற்றுச் சோதனை என்பார்கள். திருகு அளவியில் கம்பியை வைப்பதற்கு முன் சுழிப்பிழை பார்க்கிறீர்களே, அதன் நோக்கமும் இதுதான். சிலர் அதை வீண்வேலை என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு மனித உயிர் அந்த அளவீட்டை நம்பியிருந்தால் அப்படி விடுவோமா? சாட்சியை மட்டுமன்றிக் கருவியையும் கேள்வி கேட்பவரே நல்ல விஞ்ஞானி.