மீன் தொட்டியின் அடியில் களிமண்

எங்கள் அறிவியல் கூடத்தின் சன்னலோரம் இரண்டரை அடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. பள்ளியிறுதி முடித்துச் சென்ற அக்காமார் அன்பளிப்பாகத் தந்து சென்றது. கோடை விடுமுறை முடிந்து நாங்கள் பத்தாம் வகுப்பில் காலடி வைத்தபோது, அதிலிருந்த செடிகள் பாதி அழுகியும் பாதி வெளுத்தும் கிடந்தன. "இந்த ஆண்டும் இப்படியே ஆனால், தண்ணீரைக் கொட்டிவிட்டு வரைபடச் சுருள்களை அடுக்கிக்கொள்ளலாம்" என்று அறிவியல் சிஸ்டர் சொல்லிவிட்டார்கள். அக்காமாரின் நினைவுப் பொருள் அந்தக் கதிக்கு ஆளாவதா? தோழியர் அறுவர் பொறுப்பேற்றுக்கொண்டோம். அப்போது மண்ணைப் பற்றி நாங்கள் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

செடிகளின் பழைய இலைகள் பச்சையாகவே இருந்தன. புதிய இளந்தளிர்கள்தாம் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றப் பகுதி மஞ்சளாக இருந்தன. அது இரும்புச் சத்துக் குறைவின் அடையாளம் என்று சிஸ்டர் விளக்கினார்கள். அடியில் இருந்ததோ பளபளவென்று கழுவிய ஆற்று மணல் மட்டுமே. நாங்கள் உரம் வாங்கிப் போடலாமா என்று கேட்டோம். சிஸ்டர் பதில் சொல்லாமல் இரண்டு புனல்களை எடுத்தார்கள். ஒன்றில் மணலும், மற்றொன்றில் மணலோடு சிறிது களிமண்ணும் இட்டு, மீன்களுக்கு மருந்தாகப் பயன்படும் மெத்திலீன் நீலத்தை நீரில் கலந்து இரண்டிலும் ஊற்றினார்கள். மணல் வழியே வந்த நீர் நீலமாகவே சொட்டியது. களிமண் வழியே மெல்ல மெல்ல இறங்கிய நீரோ ஏறக்குறைய நிறமற்றிருந்தது! நாங்கள் வாய் பிளந்து நின்றோம்.

காரணம் இதுதான். களிமண் துகள் 0.002 மி.மீட்டருக்கும் சிறியது, தட்டுத் தட்டாக அமைந்தது. ஆகவே ஒரு பிடிக் களிமண்ணில் அடங்கியுள்ள மேற்பரப்பு, ஒரு பிடி மணலில் உள்ளதைவிடப் பன்மடங்கு அதிகம். அப்பரப்பு எதிர்மின்னேற்றம் உடையது. மெத்திலீன் நீலம் நேர்மின்னேற்றம் உடையதாகையால் அதில் ஒட்டிக்கொள்கிறது. பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், அம்மோனியம், இரும்பு ஆகியவையும் நேர்மின் அயனிகளே. வேர் ஹைட்ரஜன் அயனியைக் கொடுத்துவிட்டு அவற்றைப் பெற்றுக்கொள்கிறது. களிமண்ணில் தாதுக்கள் உண்டென்றாலும் அதன் பெருமை அதுவன்று. அது நெல்லைச் சேர்த்து வைக்கும் குதிரைப் போன்றது. குதிர் இல்லாத வீட்டில் மூட்டை மூட்டையாக நெல் வந்து இறங்கினால் என்ன ஆகும்? மணல் மட்டும் உள்ள தொட்டியில் உரமிட்டாலும் அப்படித்தான். அது நீரில் கரைந்து பாசிக்கு விருந்தாகிவிடும்.

இவ்வளவு தெரிந்த தைரியத்தில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். கோவில்பட்டிப் பக்கத்துத் தோழி ஒருத்தி ஊரிலிருந்து கரிசல் மண் கொண்டு வந்தாள். கரிசலில் மிகுந்துள்ள மான்ட்மோரில்லோனைட் என்னும் களி, செம்மண்ணில் மிகுந்துள்ள கயோலினைட்டைவிட ஏறக்குறைய பத்து மடங்கு அயனிகளைப் பற்றும் என்று படித்திருந்தோம். எனவே கரிசலையும் சாண எருவையும் மணலோடு பிசைந்து பரப்பி, நீர் ஊற்றி, இரண்டாம் நாளே எட்டு கப்பி மீன்களை விட்டோம். கரிசல் நீரில் ஊதிப் பெருக்கும் குணமுடையது. தொட்டி முழுவதும் தேநீர்போல் கலங்கி, பத்து நாளாகியும் தெளியவில்லை. எரு அழுகியதால் அம்மோனியா பெருகி ஐந்து மீன்கள் இறந்தன. களிமண் எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று நாங்கள் நம்பியது பேதைமை. குதிருக்கும் ஓர் அளவு உண்டல்லவா? மீன்களை வேப்பமரத்தடியில் புதைத்தபோது ஒருவரோடொருவர் பேசவில்லை. பிறகு மிஞ்சிய கரிசலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளி விட்டபோது நுரைத்துப் பொங்கியது. அதில் சுண்ணாம்பு இருந்திருக்கிறது. அது நீரைக் கடினமாக்கும். இச்சோதனையை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

இரண்டாம் முறை, மண்பாண்டத்திற்குப் பெயர்பெற்ற காருகுறிச்சியிலிருந்து குளத்துக் களிமண் வாங்கி வரச் செய்தோம். அது அமிலத்தில் நுரைக்கவில்லை. வெயிலில் காயவைத்து, இடித்து, சலித்து, நிறத்துக்கும் இரும்புக்குமாகச் சிறிது செம்மண் சேர்த்தோம். ஒரு பங்கு களிக்கு நான்கு பங்கு மணல் என்று கலந்து, ஓர் அங்குல உயரம் அடியில் பரப்பினோம். எரு சேர்க்கவில்லை. அதன்மேல் கழுவிய மணல் இரண்டு அங்குலம். மணல் மீது ஒரு தட்டை வைத்து, அத்தட்டின்மேல் நீரை மெதுவாக ஊற்றினோம். மறுநாளே நீர் தெளிந்துவிட்டது. மிஞ்சிய களியைக் கோலிக்குண்டு அளவில் உருட்டிக் காயவைத்து, ஒவ்வொரு செடியின் வேருக்கருகிலும் ஆழமாகப் புதைத்தோம்.

மணலுக்கடியில் ஏன் வைக்க வேண்டும் என்றால், களி மேலே கலையாது என்பது மட்டுமன்று. அங்கே பிராண வாயு குறைவு. அந்நிலையில் நீரில் கரையாத பெரிக் இரும்பு, கரையும் பெரஸ் இரும்பாக மாறுகிறது. வேர் அதை எளிதில் உறிஞ்சும். நெல்வயல் சேற்றில் நடப்பதும் இதுவே. பயிரைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் துருநிறம் படிந்திருப்பதை வயலில் வேலை செய்தவர் அறிவர். வேர் கசியவிடும் பிராண வாயு, இரும்பை மீண்டும் துருவாக்கி விடுவதால் வந்த நிறம் அது. ஆனால் களி அடுக்கு மிகத் தடித்து, அழுகும் பொருளும் சேர்ந்தால், அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். ஓர் அங்குலத்தோடு நாங்கள் நிறுத்தியது அதற்காகத்தான்.

வாலிஸ்நேரியாவும், குளத்திலிருந்து எடுத்த கொட்டிக் கிழங்கு நான்கும் நட்டோம். மூதுரையில் ஔவையார் நல்ல உறவுக்கு உவமையாகச் சொல்லும் அதே கொட்டிதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினோம். ஐந்து வாரம் கழித்தே, வாளியில் காத்திருந்த மூன்று மீன்களையும் தொட்டியில் விட்டோம். அவை இன்று பதினொன்று.

புதிதாய் வந்த தளிர்களில் மஞ்சள் இல்லை. ஒன்று மட்டும் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது: செடியை இடம் மாற்றும்போது வெடுக்கென்று பிடுங்கினால் களி புகைபோல் மேலெழும்புகிறது. ஆதலால் வேரை விரலால் துழாவி, மணலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மெல்ல இழுக்கிறோம். சென்ற வெள்ளிக்கிழமை சிஸ்டர் வந்து பார்த்தார்கள். வரைபடச் சுருள்களுக்குத் தச்சரிடம் மரப்பெட்டி ஒன்று செய்யச் சொல்லியிருப்பதாகக் கூறிவிட்டுச் சென்றார்கள்.