லீவு விட்டது யார்?

பூதலூரில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஐப்பசிச் சதய விழாவுக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவித்திருந்தார். மறுநாள் ஒரு மாணவி கேட்டாள்: “நகைக்கடன் வட்டி கட்ட அப்பா கிளம்புனாங்க டீச்சர். இன்னைக்கு லீவுன்னு நான்தான் நிறுத்துனேன். ஆனா பேங்க் தொறந்துதான் இருந்துச்சாம். நமக்கு மட்டும் எப்படி லீவு?”

“பெரிய கோயில் விழா, அதனால்தான்” என்று சமாளித்தேன். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரிந்தது.

அன்று மாலைதான் அந்த அறிவிப்பை முழுவதும் படித்தேன். ஈடுசெய்யும் சனிக்கிழமை எது என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவதுதானே நம் வழக்கம்! விடை கடைசிப் பத்தியில் இருந்தது. இந்த விடுமுறை 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டப்படி அறிவிக்கப்பட்டதல்ல. எனவே கருவூலங்கள் குறைந்த பணியாளர்களுடன் இயங்கும்.

புரோநோட்டு, காசோலை பற்றிய சட்டத்துக்கு விடுமுறையில் என்ன வேலை? கடனுக்குரிய முதிர்வு நாள் விடுமுறையில் விழுந்தால் பணத்தை என்று கொடுப்பது என்ற சிக்கல் உண்டு. அதற்காகவே 25ஆம் பிரிவு ‘பொது விடுமுறை’ எது என்று விளக்குகிறது. 1881இல் ஞாயிறு, ஆங்கிலப் புத்தாண்டு, கிறிஸ்துமஸ், புனித வெள்ளி ஆகியவை சட்டத்திலேயே பெயரோடு இருந்தன. பொங்கலும் தீபாவளியும் அரசிதழ் அறிவிப்பின் வழியேதான் வர வேண்டும். விடுதலைக்குப் பின் வந்த திருத்தத்தில் ஞாயிறு மட்டும் மிஞ்சியது. பூண்டி மாதா பேராலயம் விளக்கொளியில் மின்னும் கிறிஸ்துமஸும் இன்று அரசிதழ் வழியாகவே விடுமுறை. தைப்பூசம் 2021இல் தமிழகப் பட்டியலில் சேர்ந்ததும் அரசின் அறிவிப்பால்தான். அமெரிக்காவில்கூட 1870இல்தான் கிறிஸ்துமஸ் கூட்டாட்சி அரசின் சட்ட விடுமுறையானது. அதுவும் முதலில் வாஷிங்டன் பகுதிக்கு மட்டும்.

மறுநாள் அரசின் விடுமுறைப் பட்டியலையும் ஆட்சியரின் அறிவிப்பையும் வகுப்பில் அருகருகே ஒட்டினேன். எந்த நாளை யார் அறிவித்தார், அன்று எது மூடும், எது திறக்கும் என்று குழுவாக எழுதினார்கள். பாடநூலில் ஒரு பக்கம் நடத்தியதைவிட இதில் அரசு நிர்வாகம் நன்றாகப் புரிந்தது.

பிறகு ஒரு கணக்கு கொடுத்தேன். முதிர்வு நாள் விடுமுறையானால் அதற்கு முந்தைய வேலை நாளிலேயே பணம் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஒரு புரோநோட்டின் முதிர்வு நாள் 2023 டிசம்பர் 25. பணம் என்று தர வேண்டும்? எல்லோரும் 24 என்றார்கள். அது ஞாயிறு. 23 என்று திருத்தினார்கள். அந்த மாணவிதான் நாட்காட்டியைப் பார்த்துச் சொன்னாள்: “அது நாலாவது சனி டீச்சர், பேங்க் கிடையாது. 22, வெள்ளிக்கிழமை.”