ஜிப்சம் போட்டும் களர் மாறலையா? தெவிட்டிய கரைசல் பாடத்தைப் பாருங்க

பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘கரைசல்கள்’ என்று ஒரு பாடம் வருகிறது. தெவிட்டிய கரைசல், தெவிட்டாத கரைசல் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள். பழைய புத்தகத்தில் படித்த நமக்கு அது நிறைவுற்ற கரைசல், நிறைவுறாத கரைசல். பிள்ளைகளுக்கு இது ரெண்டு மார்க் கேள்வி. களர் நிலம் வைத்திருக்கும் உழவருக்கோ ரெண்டு டன் ஜிப்சத்தின் விலை. அதனால் இந்த மாதம் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படிப்போம்.

தெவிட்டுதல் நமக்குத் தெரிந்த சொல்தான். பாயசம் முதல் டம்ளர் இனிக்கும், மூணாவது டம்ளர் தெவிட்டும். தண்ணீருக்கும் அப்படி ஒரு ‘போதும்’ உண்டு. 100 மில்லி தண்ணீரில் கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கச் சொல்லுங்கள். சுமார் 36 கிராம் வரை கரையும். அதற்கு மேல் எவ்வளவு கலக்கினாலும் உப்பு அடியிலேயே கிடக்கும். அதுதான் தெவிட்டிய கரைசல். இன்னும் கரைக்க இடம் இருந்தால் தெவிட்டாத கரைசல். கரைகிற பொருள் கரைபொருள், கரைக்கிற தண்ணீர் கரைப்பான், எவ்வளவு கரையும் என்கிற அளவு கரைதிறன். இந்த அளவு பொருளுக்குப் பொருள் மாறும். அதே 100 மில்லியில் சர்க்கரை சுமார் 200 கிராம் கரையும். சூடு ஏறினால் சர்க்கரை இன்னும் அதிகமாகக் கரையும், உப்பில் பெரிய வித்தியாசம் வராது, சுண்ணாம்போ சூட்டில் குறைவாகத்தான் கரையும்.

தெவிட்டாத கரைசலை நாம் ஏற்கெனவே விதை நேர்த்தியில் பயன்படுத்துகிறோம். 10 லிட்டர் தண்ணீரில் சுமார் ஒன்றரை கிலோ உப்பைக் கரைத்து, முட்டையின் முதுகு ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெளியே தெரிகிறதா என்று பார்ப்போம். பதர் மிதக்கும், முற்றிய நெல் அடியில் நிற்கும். உப்பு அதிகம் போட்டால் நல்லது என்று மூணரை கிலோ வரை கொட்டித் தெவிட்ட வைத்தால் தண்ணீரின் அடர்த்தி கூடி, நல்ல நெல்லும் சேர்ந்து மேலே வந்துவிடும். விதை தேர்ந்தபின் நல்ல தண்ணீரில் ரெண்டு மூணு தடவை அலச மறக்கக் கூடாது.

இப்போது ஜிப்சத்துக்கு வருவோம்.

களர் மண்ணில் களித்துகளைச் சோடியம் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் மண் நனைந்தால் கூழாகிறது, காய்ந்தால் கல்லாகிறது, தண்ணீர் உள்ளே இறங்குவதில்லை. ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம் அந்தச் சோடியத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்காரும். ஆனால் ஜிப்சம் பொடியாகக் கிடக்கும் வரைக்கும் இது நடக்காது. கரைந்தால்தான் கால்சியம் வெளியே வரும். இங்கேதான் சிக்கல். ஒரு லிட்டர் தண்ணீரில் ஜிப்சம் சுமார் இரண்டரை கிராம்தான் கரையும். உப்போ 360 கிராம் கரைகிறது!

வீட்டிலேயே பார்க்கலாம். 5 கிராம் ஜிப்சப் பொடியை ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு நன்றாகக் கலக்கி, ராத்திரி முழுக்க அவ்வப்போது கிளறிவிட்டு வையுங்கள். காலையில் பாதி அடியில் இருக்கும். தெளிந்த தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் இருப்பதன் மேல் புதுத் தண்ணீர் ஒரு லிட்டர் ஊற்றிக் கலக்குங்கள். மிச்சமும் மெல்லக் கரையும். ஜிப்சம் கிடைக்காவிட்டால் கரும்பலகைச் சாக்பீஸைப் பொடித்துப் போடுங்கள், நம்மூர் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம்தான்.

இதை வயலுக்குப் பெருக்கிப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். லிட்டருக்கு இரண்டரை கிராம் என்றால் 250 கிலோ ஜிப்சம், அதாவது ஐந்து மூட்டை. மண் பரிசோதனைப்படி ஏக்கருக்கு 2 டன் தேவை என்று வந்திருந்தால், அதைக் கரைக்க மட்டும் 8 அங்குலம் தண்ணீர் வேண்டும். 40 மூட்டையையும் தூவிவிட்டு ஒரே ஒரு தண்ணீர் கட்டியவர் “ஒன்னும் ஆகலையே” என்றால், மேலே வெள்ளையாகத் தெரியும் பொடியே பதில் சொல்லும். ஜிப்சத்தின் மேல் குறை இல்லை, தண்ணீர் தெவிட்டிப் போயிருக்கிறது.

ஆனால் மண் நமக்கு ஒரு உதவி செய்கிறது. கரைந்த கால்சியத்தைக் களித்துகள் இழுத்துக்கொண்டே இருப்பதால் தண்ணீர் மறுபடி தெவிட்டாத நிலைக்கு வருகிறது, இன்னும் கொஞ்சம் கரைகிறது. அதனால் உண்மையில் 8 அங்குலத்தைவிடக் குறைவாகவே போதுமானதாக இருக்கலாம். இந்த உதவி கிடைக்க வேண்டுமென்றால் ஜிப்சம் மேல் மண்ணோடு கலந்திருக்க வேண்டும். நாலு அங்குல ஆழத்துக்குக் கிளறிக் கலந்துவிடுங்கள், ரொம்ப ஆழ உழவு வேண்டாம். பொடி நைஸாக இருந்தால் சீக்கிரம் கரையும், ஆனால் கூடுதலாகக் கரையாது. இந்த ரெண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வாங்கும்போது அது பூமியிலிருந்து தோண்டி எடுத்த கனிம ஜிப்சமா, உரத் தொழிற்சாலையில் மிஞ்சிய பாஸ்போஜிப்சமா என்று கேளுங்கள். சான்றிதழ் எடுத்திருப்பவர்கள் கண்டிப்பாகக் கேட்க வேண்டும்.

வரப்பை உயர்த்தி, பாத்தி சமமாக்கி, தண்ணீரை நிறுத்துங்கள். அது மண்ணுக்குள் இறங்கி வடிகாலில் வெளியேற வேண்டும். மேலாகவே வழித்து விட்டால் கரைந்த கால்சியமும் சேர்ந்து போய்விடும். வடிகால் இல்லாவிட்டால் விரட்டிய சோடியம் அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும். முதலில் வடிகால், பிறகுதான் ஜிப்சம்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். மழைநீரில் கரைந்த உப்பு இல்லாத அளவுக்குக் குறைவு, கரைக்க நிறைய இடம் இருக்கிறது. 8 அங்குலம் என்பது 200 மில்லிமீட்டர், தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழைச் சராசரியோ சுமார் 440 மில்லிமீட்டர். ஆகவே ஐப்பசி மழைக்கு முன் ஜிப்சத்தைக் கலந்து வைப்பதுதான் என் கணக்கில் மலிவான வழி. சோடியம் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைக் கட்டினால் ஒரு கையால் விரட்டியதை மறு கையால் அழைத்து வருகிறோம். தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

உவர் நிலம் வேறு கதை. கோடையில் நிலத்தடி நீர் மேலே ஏறி ஆவியாகும்போது, தெவிட்டாத உப்புநீர் சுண்டிச் சுண்டித் தெவிட்டிப் போய், அதற்கும் மேல் உப்பு வெள்ளையாகப் படிகிறது. வேதாரண்யம் உப்பளத்தில் நடப்பது இதேதான். இதற்கு ஜிப்சம் தேவையில்லை, நல்ல தண்ணீரும் வடிகாலும் போதும். வெள்ளையைப் பார்த்ததும் ஜிப்சம் வாங்க ஓடாமல் மண்ணைப் பரிசோதியுங்கள். பி.எச். 8.5-க்கு மேல் இருந்து, மாறக்கூடிய சோடியமும் அதிகம் என்று வந்தால்தான் களர்.

ஜிப்சம் கரைந்து வடிந்தபின் தக்கைப்பூண்டு விதைத்துப் பூவெடுக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். அடுத்து நெல் என்றால், களர் நிலத்துக்கென்றே வந்த திருச்சி 1 தாங்கி வரும்.