கோடை விடுமுறையிலும் ஜெபம் விட்டுப்போகாமல் இருக்க...

பரீட்சை முடிந்த மறுநாளே பிள்ளைகள் எழுகிற நேரமும் படுக்கிற நேரமும் தாறுமாறாகிவிடும். அதில் முதலில் அடிபடுவது குடும்ப ஜெபம்தான். புதிதாக எதையும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம் தோழிகளே. கோடையில் எப்படியும் செய்கிற வேலைகளோடு சேர்த்துக் கோத்துவிட்டால் போதும்.

1. ஜெபத்துக்கு மணி பார்க்காதீர்கள், ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள். சாயங்காலம் மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்து, சூடு இறங்கியதும் பாய் விரிக்கிறோம் அல்லவா? பாய் விரித்தால் முதலில் ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், சின்ன ஜெபம், அரட்டையெல்லாம் அப்புறம்தான்.

2. மே மாதத்துக்கு 31 நாள், நீதிமொழிகளுக்கும் 31 அதிகாரம். தேதி எதுவோ அதுதான் அன்றைய அதிகாரம் என்பதால் பக்கத்தில் அடையாளம்கூட வைக்க வேண்டாம். ஊருக்குப் போய் நாலு நாள் விட்டுப்போனாலும் பாக்கியைக் கணக்குப் பார்த்து மலைக்காமல், அன்றைய தேதியிலேயே சேர்ந்துகொள்ளுங்கள். கடைசி நாளில் வருவது குணசாலியான பெண்ணைப் பற்றிய அதிகாரம். அதை வீட்டு ஆண்பிள்ளைகள் வாசிக்கட்டும்!

3. மாடியில் வடாம் காயும்போது காக்கா விரட்ட ஒரு பிள்ளை குச்சியோடு உட்கார்ந்திருக்குமே, அதுதான் மனப்பாட நேரம். முதலில் 117ஆம் சங்கீதம் கொடுங்கள். இரண்டே வசனம், ஒரே உட்காரலில் முடிந்துவிடும், பிள்ளைக்கும் தெம்பு வரும். அடுத்து ஆறு வசனமுள்ள 23, அப்புறம் எட்டு வசனமுள்ள 121. பகல் வெயில் தாக்காமல் காப்பதைப் பற்றிச் சொல்கிற சங்கீதம் அது, மாடியில் உட்கார்ந்து படிக்க அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

4. பழைய கல்யாணப் பத்திரிகைகளைப் பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். நம் வீட்டுப் பத்திரிகைகளில் உச்சியிலேயே வசனம் அச்சாகியிருக்கும். அந்தப் பகுதியை மட்டும் அளவாக வெட்டினால் காசு கொடுத்து வாங்குகிற வாக்குத்தத்த அட்டை மாதிரியே இருக்கும். அட்டை கெட்டியாகவும் ஓரம் தங்க நிறமாகவும் இருந்தால் இன்னும் விசேஷம். ஒரு காலி டப்பாவில் போட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, காலையில் ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொல்லுங்கள்.

5. வி.பி.எஸ். முடிந்து வருகிற பிள்ளையிடம் "என்ன சொல்லிக்கொடுத்தாங்க?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். அன்றைய செய்கைப் பாட்டைத் தாத்தா பாட்டிக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லிப் பாருங்கள், பாட்டோடு கதையும் தானாக வந்துவிடும். ஐஸ் குச்சி, காலித் தீப்பெட்டி, கொட்டாங்குச்சி எல்லாம் முன்கூட்டியே சேர்த்து அங்குள்ள அக்காமாரிடம் கொடுத்தால் கைவேலைக்கு அவர்கள் கைக்காசு போடுவது குறையும்.

6. வைகை எக்ஸ்பிரஸ் மாதிரிப் பகல் வண்டியில் போகிறீர்களா? யோனா 4 அதிகாரம், ரூத்தும் 4 அதிகாரம்தான். விழுப்புரம் தாண்டி ஆரம்பித்தால் அரியலூருக்குள் இரண்டையும் நிதானமாக முடித்துவிடலாம். ஒலி வேதாகமம் கேட்கிறவர்கள் வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள்; டேட்டாவும் மிச்சம், நடுவழியில் டவர் போனாலும் கவலையில்லை.

7. ஈஸ்டரில் இருந்து பெந்தெகொஸ்தே வரை ஏழு வாரம். அப்போஸ்தலர் நடபடிகள் 28 அதிகாரம். வாரத்துக்கு நாலு என்று கணக்கு நேராக விழுகிறது, ஆவியானவர் இறங்கின நாளைக் கொண்டாடும்போது புத்தகமும் முடிந்திருக்கும். பவுல் போன கப்பல் உடைகிற 27ஆம் அதிகாரத்தை மட்டும் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துச் சத்தமாக வாசியுங்கள். கப்பலில் 276 பேர் என்று தலை எண்ணிக்கைவரை அதில் இருக்கிறது, ஒரு பிள்ளையும் எழுந்து போகாது.

8. பெரியவர்களுக்கு 119ஆம் சங்கீதம். 176 வசனமா என்று பயப்படாமல், ஆலெப், பேத் என்று பிரித்திருக்கிறபடி நாளுக்கு எட்டு வசனம் வாசித்தால் 22 நாளில் முடிந்தது.

9. வாசலில் ஒரு மண்பானை வைத்து ஈரத்துணி சுற்றி, உள்ளே கொஞ்சம் வெட்டிவேர் போடுங்கள். பார்சல் கொண்டுவரும் தம்பிக்கும் குப்பை வண்டி அக்காவுக்கும் பிள்ளைகள் கையாலேயே ஒரு டம்ளர் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு கலசம் தண்ணீரைப் பற்றி மத்தேயு 10ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம் சொல்வதை அப்புறம் தனியாக விளக்க வேண்டியிராது.

10. கத்தோலிக்கத் தோழிகளுக்கு மே மாதம் மாதா மாதம், தினம் ஒரு வீட்டில் ஜெபமாலை நடக்கும். "எந்த வீட்டிலும் நீர்மோர் மட்டும்தான்" என்று முதல் நாளே பேசிவைத்தால் பலகாரப் போட்டியும் செலவும் இல்லை. பத்து பத்து மணியாக ஐந்து பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். தன் முறை எப்போது வரும் என்ற கவனத்தில் நெளிய மாட்டார்கள்.

11. குடும்ப வேதாகமத்தை எடுத்துத் தட்டிவைக்க நல்ல காலம் இது. நேர் வெயிலில் வைத்தால் மெல்லிய தாள் சுருண்டுவிடும், நிழலில் காற்றாடினால் போதும். நன்றாகக் காய்ந்த வேப்பிலையைத் தாளில் மடித்து அலமாரியில் வையுங்கள். பச்சை இலையைப் பக்கங்களுக்கு நடுவே வைத்தால் கறை பிடிக்கும். முன்பக்கத்தில் தாத்தா கைப்பட எழுதிய பிறப்பு, ஞானஸ்நானத் தேதிகள் இருந்தால் மை மங்குவதற்குள் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

12. கரண்ட் போனால் கீர்த்தனை நேரம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கீர்த்தனைகளைப் புத்தகம் பார்க்காமல் பாடுகிற ஆச்சிமார் இன்னும் இருக்கிறார்கள். லீவுக்கு ஊருக்குப் போகும்போது அவர்கள் ராகத்தோடு பாடுவதைப் பதிவு செய்துகொண்டால், அது இருட்டில் கூடவே பாடிப் பழக உதவும்.

13. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கிற வேலையை லீவு முழுக்கப் பிள்ளையிடம் விடுங்கள். பக்கத்தில் ஒரு உண்டியலும் இருக்கட்டும், வேண்டாமென்று விட்ட ஐஸ்கிரீம் காசு அதில் விழட்டும். மே கடைசியில் இரண்டையும் ஆயரம்மாவிடம் ஒப்படைத்தால், பள்ளி திறக்கிற நேரத்தில் நோட்டும் பையும் வாங்கச் சிரமப்படுகிற சபைக் குடும்பம் எது என்று அவர்களுக்குத் தெரியும். யார் கொடுத்தது என்று மட்டும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.