ஆக்சிஜன் சென்சாரா, வயரா?



சிதம்பரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டிரெயினிங்கில் இருந்தபோது நான் செய்த தவறு எனக்குப் பெரிய பாடமாயிற்று. அது உங்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு வாடகைக் கார் வந்தது. என்ஜின் விளக்கு அணையவில்லை. ஸ்கேனரை மாட்டினால் பி0135, அதாவது முன் ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட் கோளாறு. "சென்சார் போயிடுச்சு அண்ணே, மாத்திடலாம்" என்றேன். மாற்றினோம். மறுநாளே டிரைவர் திரும்பி வந்தார். "தம்பி, மூணு நாள் ஓட்டின காசு இதுக்கே போச்சு. லைட்டு மறுபடி எரியுதே!" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

இந்தச் சென்சாரின் வேலை என்ன? புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அறிவது. பெட்ரோல் கூடினால் சுமார் 0.9 வோல்ட் தரும். காற்று கூடினால் சுமார் 0.1 வோல்ட். அதைப் பார்த்துத்தான் ஈ.சி.யு. எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்று சரிசெய்கிறது. ஆனால் சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால்தான் சென்சார் ஒழுங்காகப் பேசும். சீக்கிரம் சூடாக்கத்தான் உள்ளே ஹீட்டர். அது வேலை செய்யாவிட்டால் அதுவரை ஈ.சி.யு. குத்துமதிப்பாகத்தான் பெட்ரோல் விடும். மைலேஜ் குறையும், புகையும் கெடும்.

மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, "கோட்டுல சர்க்யூட்டுனுதானே போட்டிருக்கு? சென்சார்னு நீயா ஏன் முடிவு பண்ணே? முதல்லேருந்து பாரு" என்றார்.

1. ஃபியூஸ்: நன்றாக இருந்தது.

2. ஹீட்டரின் இரண்டு வெள்ளை வயர்களுக்கிடையே ரெசிஸ்டன்ஸ்: புதிய சென்சாரில் 9 ஓம். கழற்றிப் போட்ட பழையதிலும் அதே 9 ஓம்! அது கெடவே இல்லை.

3. கப்ளரைக் கழற்றி, இக்னிஷன் போட்டு, சப்ளை பின்னில் மீட்டர் வைத்தேன்: 12 வோல்ட். "எல்லாம் சரியா இருக்கே" என்று விழித்தேன்.

4. மேஸ்திரி ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை அதே பின்னுக்கும் எர்த்துக்கும் இடையே கொடுத்தார். பல்பு மினுக்கென்றுதான் எரிந்தது. மீட்டர் 5 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது.

காரணம் இதுதான். மீட்டர் கரண்டே இழுக்காது. ஆகவே ஒரு இழை வயர் தொட்டிருந்தாலும் 12 வோல்ட் காட்டும். பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் கேட்கும். அப்போதுதான் வழியிலுள்ள ரெசிஸ்டன்ஸ் வெளியே வரும். பின்னை உருவிப் பார்த்தால், வயர் கிரிம்ப் செய்த இடம் பச்சை பூத்துக் கிடந்தது. கடற்கரையில் நிற்கும் வண்டி, உப்புக் காற்றின் வேலை.

கெட்ட வயரை வெட்டி, புதுப் பின் கிரிம்ப் செய்து, ரப்பர் சீல் போட்டோம். பல்பு பளிச்சென்று எரிந்தது. கோடை அழித்து, கடலூர் வரை ஓட்டிப் பார்த்தோம், விளக்கு வரவில்லை. பழைய சென்சாரை ஸ்பேருக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடமே கொடுத்தோம். அவர் காசைத்தான் என்னால் திருப்பித் தர முடியவில்லை.

ஒரு எச்சரிக்கை: சென்சார் பக்க வயரை சால்டர் செய்யாதீர்கள், கப்ளரில் கிரீஸும் அப்பாதீர்கள். பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் வெளிக்காற்றை அந்த வயர் வழியாகத்தான் எடுக்கின்றன.

நண்பர்களே, பார்ட்டை மாற்றச் சொல்லுமுன் பல்பு வைத்துப் பாருங்கள். அந்த ஐந்து நிமிஷம் ஒருவரின் மூன்று நாள் உழைப்பைக் காப்பாற்றும்.