துண்டு முதல் அடையாள அட்டை வரை
மலையக மக்களின் பிரஜாவுரிமைச் சரித்திரம்

நமது மலையகக் குடும்பங்கள் பலவற்றில் பழைய டிரங்குப் பெட்டி ஒன்று உண்டு. அதன் அடியில், துணிக்குக் கீழே, மஞ்சளித்துப் போன சில காகிதங்கள் இருக்கும். தாத்தாவின் பெயர் எழுதிய கடிதம், முத்திரை குத்திய சான்றிதழ், எவருக்கோ வந்த பிரஜாவுரிமைப் பத்திரம். இவற்றை ஏன் இவ்வளவு பத்திரமாக வைத்தார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நுவரெலியா, அட்டன் தோட்டங்களின் சரித்திரம் தெரிந்தவருக்கே அதற்கு மறுமொழி சொல்ல முடியும். அந்தச் சரித்திரத்தை இவ்வாரம் சற்று விரிவாகப் படிப்போம்.

முதற் காகிதம்

கோப்பித் தோட்டங்களுக்காகத் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து நமது முன்னோர் கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்தனர். 1869ஆம் ஆண்டில் கோப்பி இலைகளில் நோய் விழுந்தது. சில ஆண்டுகளில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெயிலர் என்பவர் 1867ஆம் ஆண்டிலேயே லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பிக்குப் பருவத்தில் மட்டும் ஆள் போதும். தேயிலைக்கோ வருஷம் முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே வந்தவர்கள் குடும்பம் குடும்பமாக லயங்களில் தங்கிவிட்டனர்.

அக்காலத்தில் தொழிலாளியின் வாழ்வை ஆண்ட காகிதத்துக்குத் "துண்டு" என்று பெயர். கங்காணியும் அவனுடைய ஆட்களும் பட்ட கடனை இன்ன தொகையாகத் தீர்த்தால் இவர்களை விடுவிக்கலாம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுப்பதே துண்டு. அடுத்த துரை அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் தோட்டம் விட்டுத் தோட்டம் கூடவே போகும். 1921ஆம் ஆண்டுச் சட்டம் இத்துண்டு முறையை ஒழித்தது. காகிதம் ஒன்று ஒழிந்தது. ஆனால் காகிதத்தின் ஆட்சி ஒழியவில்லை.

வாக்கு வந்ததும் போனதும்

1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்டத் தமிழருக்கோ நிபந்தனைகள் இருந்தன. இந்நாட்டையே நிலையான இருப்பிடமாகக் கொண்டவர் என்று காட்ட வேண்டும். அல்லது வேறு தகுதிச் சான்று வேண்டும். அப்படியிருந்தும் சுமார் 1 லட்சம் பேர் வாக்காளராகப் பதிந்தனர். அட்டன் தொகுதி திரு. பெரி சுந்தரத்தை அரசாங்க சபைக்கு அனுப்பியது. அவர் தொழில் மந்திரியுமானார். 1936ஆம் ஆண்டில் அதே தொகுதியில், தோட்டத் தொழிலாளருக்கு முதன்முதலில் சங்கம் கண்ட திரு. கோ. நடேசய்யர் வெற்றி பெற்றார்.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றது. நுவரெலியாவில் திரு. சௌ. தொண்டமானும், தலவாக்கலையில் எழுத்தாளர் திரு. சி. வி. வேலுப்பிள்ளையும் தெரிவாயினர். தேர்ந்தெடுக்கப்படும் ஆசனங்கள் 95 மட்டுமே இருந்த பாராளுமன்றத்தில் இது சிறிய பலமன்று. வேறு பல தொகுதிகளிலும் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தது. ஆட்சியிலிருந்தோர் இதைக் கவனிக்கத் தவறவில்லை.

1948 பெப்ரவரியில் நாடு சுதந்திரம் பெற்றது. அதே வருஷம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறி, நவம்பர் 15ஆம் திகதி அமுலுக்கு வந்தது. ஒருவர் இலங்கையிற் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும்.

இதன் பொருளை ஓர் உதாரணத்தால் விளங்கிக்கொள்வோம். 1948ஆம் ஆண்டில் ஒரு தோட்டத்தில் முப்பது வயதுத் தொழிலாளி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் லயத்திற் பிறந்தவர். அவருடைய தகப்பனும் லயத்திற் பிறந்தவர். ஆனால் தகப்பன் பிறந்த காலத்தில் பிறப்பைப் பதிவது ஒழுங்காக நடைபெறவில்லை. பத்திரம் எங்கே? பிரசவத்துக்காகத் தாய் ஊருக்குப் போயிருந்தால், பிள்ளை பிறந்தது இந்தியா என்றாகிவிடும். சட்டத்தின் சொற்கள் எல்லாருக்கும் பொது. ஆயினும் "உன் தகப்பன் பிறந்த பத்திரத்தைக் காட்டு" என்ற கேள்வியின் முழுப் பாரமும் விழுந்தது தோட்டத் தொழிலாளியின் தலையில்தான்.

எட்டு லட்சம் பேருக்கான விண்ணப்பங்கள்

1949ஆம் ஆண்டில் இந்திய, பாகிஸ்தானியருக்கென 3ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் விவாகமானவர் 7 ஆண்டும், விவாகமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இலங்கையில் வசித்திருந்தால் பிரஜையாகலாம். மனு கொடுக்க 2 ஆண்டுகள் தவணை. ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் நாட்டைவிட்டுப் போயிருந்தால் வசிப்பு அறுந்ததாகும். மனைவி மக்கள் இங்கே வசித்தார்களா, போதிய வருமானம் உண்டா என்றும் பார்த்தார்கள். தாய் தகப்பனைப் பார்க்க ஊருக்குப் போன பயணமே பலருக்குத் தடையாகியது.

முதலில் காங்கிரஸ் இச்சட்டத்தைப் பகிஷ்கரித்தது. பின்னர் மனம் மாறவே, 1951 ஆகஸ்டில் தவணை முடியும் தறுவாயில் மனுக்கள் குவிந்தன. சுமார் 8 லட்சத்து 24 ஆயிரம் பேருக்காக மனுச் செய்யப்பட்டது. பல ஆண்டு விசாரணைக்குப் பின் பிரஜைகளானவர் சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேரே. ஆறு பேர் கேட்டால் ஒருவருக்குக் கிடைத்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இதற்கிடையில் 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜையல்லாதவரின் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. 1952ஆம் ஆண்டில் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் செய்தது. கோடாகன் பிள்ளை என்பவரின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1953ஆம் ஆண்டில் தோற்றது. ஏழு பேரை அனுப்பிய மக்கள் 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒருவரையும் அனுப்ப முடியவில்லை. திரு. தொண்டமான் மீண்டும் மக்கள் வாக்கால் தெரிவானது 1977ஆம் ஆண்டில். இடையில் 30 ஆண்டுகள் கடந்திருந்தன. வாக்கில்லாத மக்களின் லயத்துக்கும் பாடசாலைக்கும் பாதைக்கும் எந்த அரசியல்வாதி கவலைப்படுவார்? மலையகத்தின் பின்தங்கிய நிலைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

தலைக்கணக்கு ஒப்பந்தம்

1964 அக்டோபர் 30ஆம் திகதி, பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றவர் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் எனக் கணக்கிட்டு, 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 லட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென்றும், மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரம் பேரைப் பின்னர் பார்ப்பதென்றும் முடிவாகியது. 1974ஆம் ஆண்டில் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75 ஆயிரமாகப் பங்கிட்டனர். தொழிலாளரிடம் எவரும் கேட்கவில்லை. இலங்கைக்கென ஒதுக்கிய இடத்துக்கு அதைப்போல் இருமடங்குக்கும் அதிகமானோர் மனுச் செய்ததே, மக்கள் மனம் எங்கே இருந்தது என்பதைக் காட்டும்.

பின்னர் மலையக நிலையங்களிலிருந்து கோச்சி கோச்சியாகக் குடும்பங்கள் தலைமன்னாருக்குப் போயின. தகப்பனுக்கு இந்தியப் பத்திரம், விவாகமான மகளுக்கு இலங்கைப் பத்திரம் என்று ஒரே குடும்பம் இரண்டாகியது. போனவர்களிற் சிலர் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்துக் கூடையைத் தூக்கினர். 1984ஆம் ஆண்டில் இராமேஸ்வரக் கப்பல் நின்றது. அத்துடன் அந்தப் பயணமும் நின்றது.

இக்காலத்தில் இம்மக்களுக்காகக் குரல் கொடுத்தவர்களில் இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் அடிகளாரை நாம் மறக்கலாகாது. அவர் 1972ஆம் ஆண்டில் கண்டியில் தொடங்கிய "சத்தியோதய" நிலையம், சிங்களவரும் தமிழரும் ஒன்றாக அமர்ந்து தோட்ட மக்களின் நிலையை ஆராய்ந்த இடமாகும்.

கதவு திறந்தது

1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் எஞ்சியிருந்த பலருக்கு வழி செய்தன. கடைசியாக 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்தில் ஏகமனதாக நிறைவேறியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்து வரும் இந்திய வம்சாவளியினரும், அவர் சந்ததியினரும் பிரஜாவுரிமை பெறலாம் என்றது அச்சட்டம். தோட்டங்களுக்கே அதிகாரிகள் வந்து மனுக்களை ஏற்றனர். சில நாட்களில் 1 லட்சத்து 90 ஆயிரம் பேர் வரை பிரஜைகளாயினர். சட்டத்துக்கு மனம் இருந்தால் ஐம்பத்தைந்து ஆண்டுச் சிக்கலும் சில நாளில் அவிழும் என்பது இதனால் விளங்குகிறது.

இதனால் நாம் அறிவது என்ன?

உழைப்பைக் கண்ணாற் கண்ட நாடு, காகிதம் இல்லை என்று சொல்லி உழைத்தவரைக் கைவிட்டது. அது நமது முன்னோரின் குற்றமன்று. அநீதியான சட்டத்தின் குற்றம். அதை வெட்கமின்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அதே சமயம், இன்று கையிலுள்ள உரிமையை அசட்டையால் இழக்கலாகாது. செக்ரோலில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயரும் இருந்தால், சேமலாப நிதி எடுக்கும் வேளையில் அலைச்சலே மிஞ்சும். பிறப்புப் பதியாத பிள்ளை, பரீட்சைக்கு வேண்டிய அடையாள அட்டைக்குத் திண்டாடும்.

எனவே இந்த ஞாயிறு மாலையில் குடும்பமாக அமர்ந்து மூன்று காரியங்களைச் செய்யலாம்.

1. வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பிறப்பு, விவாகப் பத்திரங்களையும் அடையாள அட்டையையும் எடுத்து, பெயரும் திகதியும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

2. பிறப்புப் பதியப்படாமல் இருந்தால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். காலம் கடந்தும் பதியலாம். ஆலயத்திலுள்ள ஞானஸ்நானப் பதிவேடு அரசாங்கப் பதிவுக்கு ஈடாகாது. ஆனாலும் பெற்றோர் பெயரையும் திகதியையும் தேடிக் கண்டுபிடிக்க அது உதவும். பங்குக் குருவைக் கேளுங்கள்.

3. தாத்தா, பாட்டி எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தெந்தத் தோட்டத்தில் இருந்தார்கள், இந்தியாவுக்குப் போன உறவினர் யார் என்று பிள்ளைகளைக் கொண்டே ஒரு கொப்பியில் எழுதுவியுங்கள்.

அந்தக் கொப்பியையும் டிரங்குப் பெட்டியிலேயே வையுங்கள். அரசாங்கம் கேட்ட காகிதங்களுக்கு நடுவில், நாமே எழுதிய காகிதம் ஒன்றும் இருக்கட்டும்.