டயருக்கு வயசைக் கேட்காதீர்கள்!

கே: சைக்கிளுக்கு டயர் போட்டு ஐந்து வருடம் ஆகிறது. பட்டன் அப்படியே இருக்கிறது. மாற்ற வேண்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கனகம்மாசத்திரம்

ப: பட்டனை விடுங்கள் சார், ஓரத்தைப் பாருங்கள். காற்றை முழுக்க அடித்துச் சக்கரத்தை மெல்லச் சுற்றுங்கள். மேலாக மெல்லிய கீறல் தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஓட்டலாம். கீறலுக்குள் நூல் தெரிந்தாலோ, எங்காவது கொழுக்கட்டை போலப் புடைத்திருந்தாலோ அன்றைக்கே கழற்றிவிடுங்கள், போன மாதம் வாங்கியதாக இருந்தாலும் சரி.

கே: மிதிக்கவே முடியவில்லை, அவ்வளவு பாரம். டயர் பழசானதாலா?
– பூ வியாபாரி, திருத்தணி

ப: காற்று அடித்து எத்தனை நாள் ஆயிற்று? டயர் ஓரத்தில் எத்தனை பி.எஸ்.ஐ. என்று அச்சிட்டிருப்பான். அந்த அளவுக்கு அடித்துவிட்டு, அப்புறமும் பாரமாக இருந்தால் எழுதுங்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதெல்லாம் அளவு ஆகாது.

கே: மழையில் பிரேக் பிடித்தால் வழுக்குகிறது. பிரேக் கட்டை மாற்றியும் பயனில்லை.
– விசைத்தறித் தொழிலாளி, ஆர்.கே.பேட்டை

ப: பிரேக் பிடித்தும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தால் அது ரிம்மின் கோளாறு; முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டைக்கு அடங்காது. சக்கரம் நின்றும் வண்டி இழுத்துக்கொண்டு போனால் டயர்தான் காரணம். நாளாக ஆக ரப்பர் இறுகும். இறுகிய ரப்பர் ஈரத் தாரில் பிடிக்காது. வெயில் காலம் முழுக்க ஒன்றும் தெரியாது, முதல் மழையில் கீழே தள்ளும். மாற்றுங்கள்.

கே: மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் டயர் பளபளக்கிறதே?
– மாணவர், பள்ளிப்பட்டு

ப: எண்ணெய் ரப்பருக்கு எமன். சோப்புத் தண்ணீர் போதும்.

கே: மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் மூன்று வருடமாகச் சும்மா நிற்கிறது. ஓடாத டயர் புதுசுதானே? தம்பிக்குக் கொடுக்கலாமா?
– ஒரு தாய், திருவாலங்காடு

ப: இல்லையம்மா. நம் ஊரில் ஓடித் தேய்ந்த டயரைவிட நின்று கெட்ட டயர்தான் அதிகம். பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுக்கும் வண்டி, பிளஸ் டூ முடிந்ததும் மேற்குச் சுவரில் சாய்ந்துவிடுகிறது. கத்திரி வெயிலில் திருத்தணி பெயர் வராத வானிலைச் செய்தி உண்டா? அந்த வெயில் முழுக்க அதன் தலையில்தான். டயர் ரப்பரில் மெழுகு கலந்திருப்பார்கள். வண்டி ஓடி ரப்பர் நெளியும்போது அது மேலே வந்து படலம் கட்டி, காற்றிலுள்ள ஓசோன் ரப்பரை அரிக்காமல் காக்கும். நிற்கும் வண்டிக்கு அந்தக் காப்பு சரியாகக் கிடைப்பதில்லை. போதாததற்கு டியூபில் காற்று இறங்கி, ரிம் ஏறி உட்கார்ந்து, டயர் ஒரே இடத்தில் மடிந்து கிடக்கும். போய்ப் பாருங்கள், தரையில் பட்ட இடத்தில், ரிம்மை ஒட்டி வெடிப்பு இருக்கும். தம்பி அதைக் கவனிப்பானா? திண்ணெனக் காற்றடித்துக்கொண்டு நேரே திருப்பதி ரோட்டுக்குப் போவான். பஸ்ஸும் லாரியும் பறக்கிற இடத்தில் முன் டயர் வெடித்தால் ஹேண்டில் கைக்கு அடங்காது. டயர், டியூப் இரண்டையும் கடையில் கழற்றிக் காட்டிவிட்டு வண்டியைக் கொடுங்கள். இனி நிழலில் நிறுத்துங்கள், மாதம் ஒருமுறை காற்றடியுங்கள், கடைக்குப் போக அதையே எடுங்கள்.

கே: ‘26’ என்று கேட்டு வாங்கிய டயர் ரிம்மில் ஏறவில்லை.
– வாசகர், நகரி

ப: ஏறாது. 26-க்கு 1⅜ என்றால் ரிம் அளவு 590 மி.மீ., 26-க்கு 1.75 என்றால் 559 மி.மீ. பழைய டயரைக் கையோடு கொண்டுபோய்க் கேட்டிருக்கலாம்.

கே: எங்கள் கடைக்காரர் வருடா வருடம் டயரை மாற்றச் சொல்கிறார்.
– வாசகர், திருவள்ளூர்

ப: கடையை மாற்றுங்கள்.

கே: ஒரு டயருக்குத்தான் காசு இருக்கிறது. பின் டயர்தானே தேய்கிறது, புதுசை அங்கே போடட்டுமா?
– பால்காரர், கனகம்மாசத்திரம்

ப: எல்லாரும் செய்கிற தப்பு இது. முன் டயரைப் பின்னால் போட்டு, புதுசை முன்னால் போடுங்கள். பின் டயர் போனால் இறங்கித் தள்ளிக்கொண்டு வரலாம். முன் டயர் போனால் பாலோடு நீங்களும் ரோட்டில். இரண்டு சக்கரத்துக்கும் கூலி கேட்பார்கள், பேரம் பேசாமல் கொடுங்கள்.